டிமோனியமா, லண்டனா, சென்னையா: பழைய ராணுவக் கைத்துப்பாக்கி பார்க்க எங்கே போகலாம்?

அடுத்த மார்ச்சில் எங்கே போவது என்று நானும் குளச்சல் நண்பரும் ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு மார்த்தாண்டத்தில் லேத் பட்டறை. அவர் கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேருக்கும் உயிரான விஷயம் ஒன்றுதான்: 18, 19-ஆம் நூற்றாண்டு ராணுவக் கைத்துப்பாக்கிகள். சக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி பறந்து வெடிக்கும் அந்தக் காலத்துப் பிஸ்டல்கள். எங்களிடம் துப்பாக்கிச் சேகரிப்பு எதுவும் கிடையாது. படங்களும் அளவுகளும் குறிப்புகளும் நிறைந்த நோட்டுப் புத்தகங்கள்தான் அலமாரி நிறைய இருக்கின்றன. தக்கலை, நாகர்கோவில் பக்கமிருந்து இதே ஆர்வமுள்ள இளைஞர்கள் நாலைந்து பேர் பட்டறைக்கு வந்து போகிறார்கள். வெளிநாட்டில் நடக்கும் சேகரிப்பாளர் கூட்டத்துக்கு ஒரு தடவை போய் வருவது செலவுக்குத் தகுமா, அல்லது அந்தப் பணத்தில் இங்கேயே பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடலாமா என்பதுதான் அவர்கள் எல்லோருடைய கேள்வியும்.

நான் 2018-ல் லண்டனில் ஒரு பழைய ஆயுதச் சந்தைக்குப் போயிருக்கிறேன். நண்பர் 2023 மார்ச்சில் அமெரிக்காவில் பால்டிமோர் பக்கத்திலுள்ள டிமோனியத்தில் நடக்கும் பழைய ஆயுதக் காட்சிக்குப் போய் வந்தார். சென்னை அருங்காட்சியகங்களுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே பலமுறை போயிருக்கிறோம். இதில் எது யாருக்கு உதவும் என்று சொல்லுமுன் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஒப்பீட்டில் நான் எதை முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன் என்பது அதிலிருந்து வந்ததுதான்.

2014-ல் ஒரு பெரிய நகரத்தில் கலைப்பொருள் கடை ஒன்றில் ‘கம்பெனி பிஸ்டல்’ என்று ஒன்றைக் காட்டினார்கள். பித்தளைப் பூண், கருத்துப்போன கட்டை, பூட்டுத் தகட்டில் (பூட்டு என்றால் பொறி பறக்கவைத்துச் சுடும் அமைப்பு) கிரீடம் ஏந்திய சிங்கம், அதன் கீழே 1796 என்று ஆண்டு. 22,000 ரூபாய் சொன்னார்கள், கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, பூட்டைக் கட்டையோடு பிடித்திருக்கும் இரண்டு நீள ஸ்க்ரூவைக் கழற்றினேன். பழக்க தோஷத்தில் மரை அளக்கும் த்ரெட் கேஜை எடுத்து வைத்துப் பார்த்தேன். 0.8 மில்லிமீட்டர் பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி, அச்சாக உட்கார்ந்தது. எம்5 என்ற இன்றைய மெட்ரிக் ஸ்க்ரூ. எங்கள் பட்டறை டப்பாவில் கிடக்கும் அதே ஸ்க்ரூ. மரைக்கு ஒரு பொது அளவு வேண்டும் என்று இங்கிலாந்தில் விட்வொர்த் முன்மொழிந்ததே 1841-ல்தான். அதற்கு முன் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. மெட்ரிக் மரை அதற்கும் வெகுகாலம் பிந்தியது. 1796-ல் செய்த பிஸ்டலில் எம்5 இருக்க வழியே இல்லை.

அப்புறம்தான் மற்றதையும் தேடிப் படித்தேன். கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆயுதங்களில் முதலில் போட்டது இதய வடிவ முத்திரை. இதயத்தை நாலாகப் பிரித்து வி, ஈ, ஐ, சி என்ற எழுத்துகள், மேலே 4 என்ற எண் போன்ற ஒரு குறி. அதை விட்டுவிட்டுச் சிங்கத்துக்கு மாறியது 1808-ல். ஆக, சிங்கமும் 1796-ம் ஒரே தகட்டில் இருந்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். படத்திலும் எழுத்திலும் இதெல்லாம் கிடைக்கிறது. ஆனால் அசலை ஒருமுறையாவது கையில் எடுத்திருந்தால் கடையிலேயே அந்தக் கனமும் அந்த மரத்தின் வழவழப்பும் வேறாக இருப்பதை உணர்ந்திருப்பேன். எனவே என் அளவுகோல் இதுதான்: எந்தப் பயணம் எதைக் கையில் தொட்டுப் பார்க்கத் தருகிறது?

முதலில் செலவே இல்லாத வழி, நம் மாவட்டம். இங்கே பிஸ்டல் பார்க்க முடியாது, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பத்மநாபபுரம் அரண்மனையில் வாளும் கத்தியும் உண்டு, திங்கட்கிழமை விடுமுறை. ஆனால் அந்தப் பிஸ்டல்கள் எந்த உலகத்தில் புழங்கின என்று புரிய இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. 1741 ஆகஸ்டில் குளச்சல் கடற்கரையில் டச்சுக் கம்பெனிப் படை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றது. பிடிபட்ட டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே ஐரோப்பியப் பயிற்சி கொடுக்கும் தளபதியானார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலை இருந்தது. 1777-ல் இறந்த அவருடைய கல்லறை அங்கேதான் இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டிய அந்தக் கல்லைப் படிக்க முயன்றுகொண்டே ஒரு மழைநாள் மதியத்தைக் கழித்திருக்கிறேன்.

1809 பிப்ரவரியில் திருவிதாங்கூர் தளவாய் வேலுத்தம்பிக்கு எதிராகக் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி வழியாக உள்ளே வந்தது. சிங்க முத்திரை வந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்தக் குதிரைப்படைக்காரர்களின் சேணத்து உறையில் இருந்த பிஸ்டல்கள் பெரும்பாலும் பழைய இதய முத்திரை போட்டவையாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். இந்த மாதிரி ஒரு கேள்வி மனதில் இல்லாமல் எந்தச் சந்தைக்குப் போனாலும் வெறும் இரும்பைத்தான் பார்த்துவிட்டு வருவோம்.

அடுத்தது சென்னை. மாலையில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் போய்விடலாம். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம், எழும்பூரில் 1851-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம். இரண்டும் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். இதைத் தெரியாமல் வியாழன் இரவு ரயிலேறி ஏமாந்தவர்கள் எங்கள் கூட்டத்திலேயே உண்டு. கோட்டை அருங்காட்சியகத்தில் கம்பெனிக் காலத்துத் துப்பாக்கிகளும் சீருடைகளும் பதக்கங்களும் ஒன்றாக இருப்பதால், யார் எதை எங்கே வைத்துக்கொண்டார்கள் என்று சேர்த்துப் பார்க்க முடியும். எழும்பூர் ஆயுதக் கூடத்தில் தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து வந்தவை நிறைய. மூன்று பேர் சேர்ந்து போனால் ஆளுக்கு மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும். குறை ஒன்றுதான், எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால். பூட்டின் உள்பக்கம், குழலின் அடிப்பக்கம், ஸ்க்ரூ தலையின் வெட்டு எதுவும் தெரியாது. ஆனாலும் அசலின் அளவும் வளைவும் நிறமும் கண்ணில் பதிய இது போதும். தொடங்குகிறவர்கள் இதைத் தாண்டிக்கொண்டு வெளிநாடு போக நான் சம்மதிக்க மாட்டேன்.

நாணயக் கண்காட்சிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அங்கே காசு, தபால்தலை, பழைய விளக்கு கிடைக்கும். ராணுவப் பிஸ்டலுக்காக அங்கே போக வேண்டாம். இணைய ஏலத்தின் படங்கள் படிக்க நல்லவை, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

சரி, லண்டன். என் அண்ணன் மகள் அங்கே நர்ஸாக இருக்கிறாள், தங்க இடம் கிடைத்தது. அப்படியும் விசா, விமானம் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. கிளம்பும்போது வீட்டில் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: “வாங்கவும் மாட்டீங்க, சுடவும் மாட்டீங்க, பின்ன எதுக்கு அம்புட்டுத் தூரம்?” போய் வந்த பிறகுதான் என்னால் பதில் சொல்ல முடிந்தது.

சந்தை நடந்தது ஒரு ஹோட்டல் கூடத்தில். பச்சைத் துணி விரித்த மேசைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வியாபாரி. எழுபது வயதிருக்கும் ஒருவரின் மேசையில் கம்பெனிக் குதிரைப்படைப் பிஸ்டல் ஒன்று இருந்தது. இதய முத்திரை. பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார், சொன்னேன். கையை நன்றாகத் துடைக்கச் சொல்லிவிட்டு, மரத்தை மட்டும் பிடிக்க வேண்டும், இரும்பில் விரல் படக் கூடாது என்று எடுத்துக் கொடுத்தார். வியர்வையின் உப்பு பட்டால் ஒரே வாரத்தில் விரல்ரேகை துருவாக எழுந்துவிடும். பூட்டில் கல்லைக் கவ்வியிருக்கும் ‘குதிரை’ என்ற உறுப்பை இழுத்து விடக் கூடாது என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். இருநூறு வருஷத்து ஸ்பிரிங் ஒரே அடியில் உடையலாம்.

நினைத்ததைவிடக் கனம். முன்பக்கம் தாழ்ந்தது. குழலின் வாயருகே, மருந்தை இடிக்கும் கம்பி ஒரு கண்ணி இணைப்பில் மாட்டியிருந்தது. கம்பியை முழுக்க வெளியே இழுத்து, திருப்பி, குழலுக்குள் விடலாம். ஆனால் கையிலிருந்து நழுவினாலும் கீழே விழாது. ஓடும் குதிரையின் மேல் உட்கார்ந்து மருந்து கெட்டிக்கிறவனுக்காகச் செய்த ஏற்பாடு. இதைப் படத்தில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். என் விரலால் அந்தக் கம்பியைத் திருப்பியபோதுதான், அந்த இணைப்பை யோசித்தவன் ஒரு குதிரைவீரனின் கஷ்டத்தைக் கேட்டுச் செய்திருக்கிறான் என்று தோன்றியது.

பிறகு அவர் தன் சிறு திருப்புளியால் பூட்டைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டினார். அரத்தின் சாய்வான கோடுகள் அப்படியே இருந்தன. ஸ்க்ரூ தலையின் வெட்டு கத்தியால் கீறியது போல ஒடுக்கம். உள்ளிருக்கும் ஒவ்வொரு உறுப்பிலும் மூன்று சின்ன வெட்டுக் குறிகள். அவை எதற்கென்று அவர் சொல்லுமுன்பே எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு உறுப்பையும் கையால் அராவி, பக்கத்து உறுப்புக்குப் பொருத்தி, இது இந்தப் பூட்டுக்கு உரியது என்று குறி வைக்கிறார்கள். பதப்படுத்தும்போது பல பூட்டுகளின் உறுப்புகள் கலந்துவிடாமல் இருக்க. ஒரு பூட்டின் உறுப்பு இன்னொன்றில் உட்காராது. என் அப்பா காலத்தில் பட்டறையில் ஜோடி வேலைக்கு இப்படித்தான் பொட்டு வைப்போம். அந்த மூன்று வெட்டுகளைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

லண்டனின் பலம் சந்தை மட்டும் அல்ல. செல்சியில் தேசிய ராணுவ அருங்காட்சியகம் இருக்கிறது. ரயிலில் இரண்டேகால் மணி நேரம் போனால் லீட்ஸில் 1996-ல் திறந்த ராயல் ஆர்மரீஸ் என்ற ஆயுத அருங்காட்சியகம். இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. திருவிதாங்கூர், மைசூர், கர்நாடகப் போர்கள் என்று நம் வரலாற்றின் வழியாக இந்த ஆயுதங்களுக்கு வருகிறவர்களுக்குக் கம்பெனியின் சொந்த நாட்டைவிட வேறு இடம் வேண்டியதில்லை. குழல் வெடிக்காமல் தாங்குகிறதா என்று சோதித்துப் போடும் முத்திரைகளை வரிசையாக வைத்துப் பார்க்கவும் அங்கேதான் வாய்ப்பு. உதாரணமாக, பர்மிங்காம் சோதனைச் சாலை தொடங்கியது 1813-ல். அதன் முத்திரை உள்ள குழல் 1790-களின் பூட்டோடு சேர்ந்திருந்தால், குழல் பிறகு மாற்றப்பட்டது என்று அர்த்தம். இப்படிப்பட்ட கலப்பு ஜோடிகளைப் பொய் என்று ஒதுக்கவும் கூடாது. அந்தக் காலத்து ராணுவத்திலேயே பழுது பார்த்து மாற்றியதும் உண்டு. அதை நிதானமாகச் சொல்லிக்கொடுக்கும் ஆட்கள் அந்த மேசைகளுக்குப் பின்னால் இருக்கிறார்கள்.

லண்டன் சந்தையின் குறை, அது சந்தை என்பது. வியாபாரி மேசையில் வாங்குகிறவருக்குத்தான் முதலிடம். அது நியாயமும்கூட. எனக்குக் கிடைத்த அந்தப் பெரியவர் போல எல்லோரும் நேரம் ஒதுக்க மாட்டார்கள்.

டிமோனியம் அந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அங்கே நண்பர் பார்த்ததை அவர் நோட்டிலிருந்தும் பல இரவுப் பேச்சிலிருந்தும் சொல்கிறேன். மேரிலாந்து ஆயுதச் சேகரிப்பாளர்கள் சங்கம் மார்ச் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு நடத்தும் காட்சி அது. மாநிலக் கண்காட்சி மைதானத்தில் நடக்கிறது. பால்டிமோர் நகரிலிருந்து லைட் ரயில் மைதானத்துக்கே போகிறது. துப்பாக்கி என்றால் 1898-க்கு முந்தையவை மட்டும். அமெரிக்கச் சட்டமே 1898 வரை செய்யப்பட்டவற்றைத்தான் பழம்பொருளாக எடுத்துக்கொள்கிறது. இன்றைய துப்பாக்கிகள் கலக்காததால் அந்தக் கூடத்தின் பேச்சே வேறு மாதிரி இருக்குமாம். விற்பனை மேசைகளோடு, விற்காமல் காட்டுவதற்காகவே சேகரிப்பாளர்கள் வைக்கும் காட்சி மேசைகளும் உண்டு. பல வருஷமாக ஒரே மாதிரிப் பிஸ்டலைத் தேடிச் சேர்த்தவர் அதை வரிசையாக அடுக்கி வைத்து, வருகிறவரிடமெல்லாம் அலுக்காமல் விளக்குகிறார். பேசத்தான் வந்திருக்கிறார், விற்க வரவில்லை.

நண்பர் அங்கே சிமியன் நார்த் செய்த பிஸ்டல்களைப் பார்த்தார். நார்த் கனெக்டிகட்காரர். 1799-ல் 500 பிஸ்டல்களுக்கு அமெரிக்க அரசு ஒப்பந்தம் கொடுத்தது. அவை பிரெஞ்சு 1777 மாதிரியைப் பார்த்துச் செய்தவை. 1813-ல் வந்த ஒப்பந்தம்தான் எங்களுக்கு முக்கியம். 20,000 பிஸ்டல்கள், எந்தப் பிஸ்டலின் உறுப்பும் வேறு எந்தப் பிஸ்டலிலும் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. இன்று என் லேத்தில் நான் செய்யும் ஒவ்வொரு புஷ்ஷும் அந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. ஒரு மோட்டாருக்குச் செய்தது அதே மாதிரி எல்லா மோட்டாரிலும் உட்கார வேண்டும். அந்த எண்ணத்தை இரும்பில் முதன்முதலாக முயன்றவர்களில் ஒருவர் செய்த பொருளை நண்பர் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்ததும் பட்டறைக்கு நேரே வந்து, “அண்ணே, நீங்க லண்டன்ல பாத்த அந்த வெட்டுக்குறி எதுக்குன்னு யோசிச்சீங்கல்லா, அது இல்லாம ஆகுறதுக்கு ஒரு மனுசன் பட்ட பாட்டைப் பாத்துட்டு வாறேன்” என்றார்.

ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் அரசே செய்த 1805 மாதிரியும் அங்கே இருந்தது. 1806 முதல் 1808 வரை ஏறக்குறைய 4,000 மட்டும் செய்யப்பட்டது, ஜோடி ஜோடியாக எண் போட்டு. அமெரிக்க ராணுவப் போலீஸ் சின்னத்தில் குறுக்காக இருக்கும் இரண்டு பிஸ்டல்கள் இவைதான்.

டிமோனியத்தின் சங்கடங்களையும் சொல்ல வேண்டும். கம்பெனிப் பிஸ்டல் அங்கே கிடைத்தாலும் அது ஓரத்தில்தான். பேச்சு முழுக்க அமெரிக்க மாதிரிகள், உள்நாட்டுப் போர், கோல்ட் (Colt) நிறுவனத்தின் ரிவால்வர். மார்ச் மாதத்துக் குளிர் நம் உடம்புக்கு லேசானதல்ல. விசாவுக்குச் சென்னைக்கு நேர்காணலுக்குப் போக வேண்டும், தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். எனவே மார்ச்சுக்குப் போக நினைப்பவர் முந்தைய மார்ச்சிலேயே தொடங்க வேண்டும். நண்பருக்குத் தங்கை மகன் அந்த மாநிலத்திலேயே இருந்ததால் தங்கும் செலவு இல்லை. அப்படியும் இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

இனி, வாங்கி வருவது. தெரிந்துகொள்ளாமல் யாரும் விமானம் ஏறக் கூடாத பகுதி இது. பிரிட்டனில் பழைய பிஸ்டலை ஆர்வப் பொருளாகவோ அலங்காரமாகவோ உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். 1939 செப்டம்பர் 1 முதல் செய்ததைப் பழம்பொருள் என்று சொல்ல முடியாதபடி 2021-ல் விதி வந்தது. அமெரிக்காவில் 1898. அந்தச் சட்டங்கள் அந்த நாட்டோடு சரி. நம் நாட்டுக்குள் துப்பாக்கி கொண்டுவருவது கடும் கட்டுப்பாடு உள்ள விஷயம். சுங்கத்தில் ‘இது வெறும் பழம்பொருள்’ என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு பழைய மாதிரி ஆயுதங்களுக்கு விலக்கு தருவது உண்மை. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருப்பவற்றுக்குத்தான் அந்த விலக்கு. பூட்டும் குழலும் ஒழுங்காக இருக்கும் பிஸ்டல் எத்தனை பழையதானாலும் அதற்குள் வரும் என்று நாமே முடிவு செய்யக் கூடாது. கலெக்டர் அலுவலகத்தின் உரிமப் பிரிவில் எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வீட்டுப் பத்தாயத்தில் தாத்தா வைத்திருந்தது என்று ஏதாவது கிடைத்தால், அதைச் சேகரிப்பாளர் கூட்டத்தில் காட்டலாம் என்று கொண்டுபோகவும் முடியாது. நூறு ஆண்டு தாண்டிய பொருள் 1972 தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது; தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை.

எனவே கண்ணுக்கும் கைக்கும் கிடைப்பதுதான் இந்தப் பயணத்தின் முழுப் பலன். வாங்க முடியாது என்பது எனக்கு நன்மையாகவே பட்டது. விலை பேசும் பதற்றம் இல்லாமல் பொருளை மட்டும் பார்க்க முடிந்தது.

இளைஞர்களுக்கு என் முடிவு: இந்த ஆண்டு உதயகிரியும் சென்னையும், தவறாமல். சென்னை போகும்போது இரண்டு அருங்காட்சியகத்திலும் முழுநாள் நின்று, கண்ணாடி வழியாகவே பத்துப் பூட்டுகளை வரையுங்கள். வரையாமல் பார்த்தது தங்காது. அதற்குப் பிறகும் திருவிதாங்கூர், கம்பெனி என்றே மனம் போனால் லண்டனுக்குச் சேமியுங்கள், லீட்ஸுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். இரும்பு வேலை தெரிந்தவர், பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்பதில் ஆர்வம் உள்ளவர் என்றால் டிமோனியம். இரண்டில் எதற்கும் உறவினர் வீடு இல்லாதவர்கள் அவசரப்பட வேண்டாம். ஹோட்டல் செலவு பயணத்தின் பாதியைத் தின்றுவிடும்.

என்னைப் பொறுத்தவரை வெட்டுக் குறி போட்ட பூட்டைப் பார்த்தாயிற்று. வெட்டுக் குறி தேவைப்படாத பூட்டைப் பார்க்க வேண்டும். நண்பரும் மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டார். தங்கை மகனிடம் பேசியாயிற்று, பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்தாயிற்று. கொண்டுபோகும் பையில் ஒரு பூதக்கண்ணாடி, பருத்திக் கையுறை இரண்டு ஜோடி, பென்சில், கோடு போடாத நோட்டு. அந்த 22,000 ரூபாய் பிஸ்டலின் ஸ்க்ரூ ஒன்றும் என் மேசை மேல்தான் இருக்கிறது. பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் அதையும் த்ரெட் கேஜையும் கொடுத்து அளக்கச் சொல்கிறேன்.